ஒப்பந்தம் முடியுமுன் போனை மாற்றப் பட்ட பாடு

மாதாந்தம் பில் கட்டும் இணைப்பை 24 மாத ஒப்பந்தத்தில் வைத்திருப்பவர்கள், இடையில் போனை மாற்ற நேர்ந்தால், கவுண்டரில் நீட்டப்படும் படிவத்தின் தலைப்பை வாசிக்காமல் கையொப்பமிட வேண்டாம். திருகோணமலை நகரிலுள்ள ஒரு சேவை நிலையத்தில் எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு வயோதிபர் அதே படிவத்தில் ஒரு வரியும் வாசிக்காமல் கையொப்பமிட்டுச் சென்றதை நினைக்கும்போது இப்போதும் மனம் கொதிக்கிறது.

இணைப்போடு தவணை முறையில் வாங்கிய போனின் ஒலிவாங்கி பழுதாகி, நான் பேசுவது எதிர்முனையில் கேட்காமல் போனது. உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டதால், மத்திய வீதியில் உள்ள ஒரு கடையில் புதிய போன் ஒன்றை வாங்கினேன். பணம் கொடுப்பதற்கு முன் *#06# என்று அழுத்தி, திரையில் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை (போனை இனங்காட்டும் தனி எண்), ஐ.எம்.ஈ.ஐ. என்பதற்குரிய நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் இடைவெளியையும் முன்னால் இட்டு, 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, போன் பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு எண்கள் இருப்பதால் இரண்டையும் அனுப்ப வேண்டும். பதிவு செய்யப்படாத போன்களை 2025 ஜனவரி 28க்குப் பின் புதிதாக வலையமைப்பில் இணைக்க முடியாது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அறிவித்திருந்த நிலையில், விலை குறைவு என்பதற்காக இதைத் தவிர்ப்பது ஆபத்தானது.

புதிய போனில் சிம் அட்டைக்கு ஓர் இடந்தான் உண்டு. அதில் வீட்டு இலக்கத்தின் சிம் இருக்கிறது. ஆகவே ஒப்பந்த இலக்கத்தை இ-சிம்மாக, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இயங்கும் சிம்மாக, மாற்றுவதற்காகவே சேவை நிலையத்துக்குப் போனேன்.

அங்கே முதலில் தடையாக நின்றது அடையாள அட்டை. இணைப்பை எடுத்தபோது என்னிடம் இருந்தது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டை. அது தொலைந்த பின் கிடைத்தது 12 இலக்க அட்டை. "அக்கா, சிஸ்டத்தில வேற நம்பர் காட்டுது, சத்தியக்கடதாசி கொண்டு வாங்க" என்று கவுண்டரில் இருந்த தம்பி அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார். பிறந்த ஆண்டுக்கு முன்னால் 19 சேர்த்து, பழைய எண்ணின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பின் ஒரு சுழியம் இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் வருவதுதான் புதிய எண் என்று நான் விளக்கியும் அவர் கணினித் திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அன்று வேலைக்கு விடுப்புப் போட்டு நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த எனக்கு, வெறுங்கையோடு திரும்புவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக்கடதாசி பெற்றுக்கொண்டு மறுபடி போனபோது, வேறொரு உத்தியோகத்தர் அதை விரித்துப் பார்க்கவே இல்லை. இரண்டு எண்களையும் ஒரு காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்து, சரி என்று தலையசைத்தார். பழைய அட்டையின் போட்டோக்கொப்பி வீட்டில் இருந்தால் கட்டாயம் கொண்டு செல்லுங்கள்.

அதற்குப் பின் வந்ததுதான் பெரிய சிக்கல். போனை மாற்றுவதானால் மீதமுள்ள தவணைகளை ஒரே தடவையில் செலுத்த வேண்டும், அல்லது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று அந்த உத்தியோகத்தர் உறுதியாகச் சொன்னார். நான் ஒப்பந்தப் பிரதியைக் கையோடு கொண்டு போயிருந்தேன். அதில் இலக்கத்துக்கும் பொதிக்கும் மாதத் தவணைக்கும் நிபந்தனைகள் இருந்தனவே தவிர, அந்த இலக்கத்தை எந்தப் போனில் பாவிக்க வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் சொல்வது எந்தப் பிரிவில் இருக்கிறது என்று காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார்; பின்னர் உள்ளே போய் ஒரு படிவத்தோடு வந்து, இது வெறும் சிம் மாற்றத்துக்கானது என்றார். படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழ்ப் பிரதி இல்லை என்றார்கள். மேலே தடித்த எழுத்தில் இருந்ததோ ஒப்பந்தப் புதுப்பிப்பு; கீழே 24 மாதங்கள் என்ற கட்டத்தில் ஏற்கெனவே பேனையால் சரி அடையாளம் இடப்பட்டிருந்தது; தொடக்கத் திகதி அன்றைய திகதி. கையொப்பமிட்டிருந்தால் நான் கட்டி முடித்த மாதங்கள் எல்லாம் கணக்கில் இல்லாமல் போயிருக்கும்.

முகாமையாளரைச் சந்திக்க வேண்டும் என்றும், முடியாவிட்டால் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு அங்கிருந்தே அழைத்து முறைப்பாடு செய்வேன் என்றும் குரலை உயர்த்தாமல் சொன்னேன். முகாமையாளர் வந்தார், படிவத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் அதை எடுத்து வைத்துவிட்டு ஒரே பக்கமுள்ள சிம் மாற்றப் படிவத்தைத் தந்தார். அதன் பின் வேலை சில நிமிடங்களில் முடிந்தது. ஒப்பந்த முடிவுத் திகதியில் மாற்றமில்லை என்பதை அதே படிவத்தின் பிரதியில் எழுதி, முத்திரை குத்தித் தரும்படி கேட்டு வாங்கினேன். அந்த ஒரு வரிக்காக இன்னும் சற்று நேரம் நின்றாலும் பரவாயில்லை, நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

இ-சிம்முக்குத் தரப்படும் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யும்போது புதிய போனுக்கு இணையம் தேவை. வீட்டு சிம்மில் டேட்டா இருந்ததால் எனக்கு அது தடைப்படவில்லை. அந்தக் குறியீடு பொதுவாக ஒரு தடவைதான் வேலை செய்யும் என்பதால், பின்னர் போனில் இருந்து இ-சிம்மை அழித்துவிட்டால் மறுபடி அதே வரிசையில் நிற்க வேண்டிவரும். வாட்ஸ்அப் உரையாடல்களைப் பழைய போன் கையில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். வங்கிச் செயலியை மட்டும் புதிய போனில் மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்கான குறுஞ்செய்தி இ-சிம் இயங்கத் தொடங்கியும் உடனே வரவில்லை, அன்று மாலைதான் வந்தது. ஆகவே அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டிய நாளில் இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.