உறிஞ்சு கிணற்றை மூடும் வேலை

தொழிற்சாலையில் உள்ள பழைய உறிஞ்சு கிணற்றை மூடக் கூப்பிடுபவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "ஒரு லோடு கான்கிரீட் கொட்டி அடைத்துவிட்டால் போதாதா?" என்பதுதான். போதாது. அடியில் ஊறிக்கிடப்பது அங்கேயேதான் கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தடி நீருக்கும் இறங்கும்.

மழைநீரை மண்ணுக்குள் விடத்தான் இவற்றில் பலவற்றைத் தோண்டியிருப்பார்கள். துளையிட்ட கான்கிரீட் உறைகள், அடியில் ஜல்லி, அவ்வளவுதான். அப்புறம் யாராவது தரையைக் கழுவி விடுவார்கள், கிரீஸ் எடுக்கும் கரைப்பான் மிச்சத்தை ஊற்றுவார்கள். வாகனப் பட்டறைக் கழிவை இறக்கும் புதிய கிணறுகளை அமெரிக்கா 2000 ஏப்ரலிலேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் பழைய கிணறுகள் இன்னும் எங்கெங்கோ இருக்கின்றன.

தோண்டுவதற்கு முன்னால், கிணற்றுக்கு எந்தெந்தக் குழாய் வருகிறது என்று பார்க்க வேண்டும். வரைபடத்தை நம்ப முடியாது. ஒவ்வொரு வடிகாலிலும் பச்சைச் சாயத்தை ஊற்றி, கிணற்றில் தலைகாட்டுகிறதா என்று காத்திருப்போம். கம்ப்ரஸரிலிருந்து சொட்டும் எண்ணெய்த் தண்ணீர்க் குழாய் இப்படித்தான் மாட்டும். அதை அடைக்காமல் கிணற்றைச் சுத்தம் செய்வது வீண் வேலை. சேற்றை உறிஞ்சு லாரி வைத்து மேலிருந்தே எடுத்துவிடுவோம். உள்ளே ஆளை இறக்குவதில்லை; ஆக்சிஜன் குறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

மண் பார்ப்பதில்தான் சுவாரசியம். கறுப்பாக, நாற்றமடிக்கும் சேற்றைக் கண்டதும் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். சில சமயம் அது வெறும் மக்கிய இலைதான். அதற்குக் கீழே பார்க்கப் பளிச்சென்று இருக்கும் மணலில் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கிரீஸ் எடுக்கும் கரைப்பான் இருக்கும். தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமான திரவம் அது. நேராக இறங்கி, களிமண் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அதனால் மணலும் களிமண்ணும் சந்திக்கும் இடத்தைத் தேடித்தான் மாதிரி எடுப்பேன். கையில் பிடிக்கும் ஆவி மீட்டரும் எல்லாவற்றையும் காட்டாது. அதற்குள் இருக்கும் விளக்கின் ஒளி ஆற்றலைப் பொறுத்தது அது; வழக்கமான 10.6 எலெக்ட்ரான் வோல்ட் விளக்கு பென்சீனைப் பிடிக்கும், கார்பன் டெட்ராகுளோரைடைப் பிடிக்காது.

மண்ணைக் கரண்டியால் அள்ளிப் பாட்டிலில் போட்டால், ஆவியாகும் பொருள் லேபுக்குப் போவதற்குள் பறந்துவிடும். சிரிஞ்சு போன்ற குழாயைக் குத்தி ஐந்து கிராம் அளவு மண்ணை எடுத்து, ஆவியைப் பறக்கவிடாமல் பிடித்துவைக்கும் மெத்தனால் ஊற்றி முன்கூட்டியே எடைபோட்ட குப்பிக்குள் தள்ளி, உடனே மூட வேண்டும். மூடியின் மரையில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலே குப்பி கசியும். அதைத் துடைக்காமல் திருகுபவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அப்புறம் ஐஸ் பெட்டி, நான்கு டிகிரி. பொதுவாகப் பதினான்கு நாளுக்குள் சோதனை முடிந்தாக வேண்டும்.

"நாலு மாதிரியையும் கலந்து ஒன்றாக அனுப்பலாமே, செலவு குறையுமே" என்பார்கள். கிளறும்போதே ஆவி போய்விடும். மோசமான ஓர் இடம் மூன்று நல்ல இடங்களோடு சேர்ந்து யோக்கியமாகவும் ஆகிவிடும். ஆவியாகாத உலோகங்களுக்குச் சில இடங்களில் கலக்க அனுமதி உண்டு. அதையும் நான் விரும்புவதில்லை.

கெட்ட மண்ணை அள்ளிய பிறகு அடியிலும் பக்கங்களிலும் மறுபடி மாதிரி எடுப்போம். அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று வந்ததும் நிர்வாகத்தில் கை குலுக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் அட்டவணையில் பக்கத்துப் பத்தியில் உள்ள எண்ணைப் பார்ப்பேன். லேபால் கண்டறிய முடிந்த குறைந்தபட்ச அளவு, அனுமதித்த அளவைவிட அதிகமாக இருந்தால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை. மெத்தனாலில் போட்ட மாதிரி நீர்த்துப்போவதால் இப்படி நடப்பது சகஜம். அதற்காகத்தான் நுண்ணிய அளவுகளைப் பார்க்க, தண்ணீர் ஊற்றிய குப்பியிலும் ஒரு மாதிரி எடுத்து வைப்பது. சரி, அந்த முடிவு வரட்டும். நிரப்பு மண் லாரி அதுவரை வெளியே நிற்கட்டும். அந்த மண் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் எனக்குத் தனியாக ஒரு சோதனை அறிக்கை வேண்டும்.