ரிவெட்டு தெரியுற என்ஜின்

அமெரிக்காவுல இருக்க அண்ணன் மவன் பென்சில்வேனியா ரயில் மியூசியத்துலேருந்து 4800-ம் நம்பர் என்ஜின் போட்டோ அனுப்பியிருந்தான். 1934-ல செஞ்ச மின்சார என்ஜின். உடம்பு பூரா வரிசையா ரிவெட்டு, அதாவது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்குத ஆணி.

பாரிஸ்ல பொறந்து 1919-ல அமெரிக்காவுக்குக் குடியேறின டிசைனர் ரேமண்ட் லோவி. இந்த என்ஜினுக்கு ரிவெட்டு வேண்டாம், தகடை வெல்டிங் பண்ணுங்கன்னு சொன்னது அவருதான். அதுக்கப்புறம் அதே வகையில வந்த 138 என்ஜினும் வழவழன்னு இருக்கும். கரும்பச்சை மேல அஞ்சு தங்கக் கோடு ஓடி மூக்குல வந்து சேருத இடத்தைப் பாருங்க மக்களே, என்னா அழகு!

நம்ம நாகர்கோவில் ஜங்ஷன்ல இத்தனை வருசம் வந்து நின்ன நீலப் பொட்டியும் சுவிட்சர்லாந்து டிசைன்லேருந்து பெரம்பூர்ல உருவானதுதான். 1955-ல தொடங்கின ஃபேக்டரி. அந்தப் பொட்டியை வரைஞ்சவங்க பேரு எனக்குத் தெரியணும். லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னை ரயில் மியூசியத்துல போய்த் தேடப்போறேன்.