ஐஎஸ்ஓ ஆடிட்டும் எங்க ஷூ யூனிட்டோட வெயிலும்

2024 பிப்ரவரில ஐஎஸ்ஓ 9001 (தரத்துக்கு), 14001 (சுற்றுச்சூழலுக்கு) மாதிரி கம்பெனிங்க சர்டிபிகேட் வாங்கற விதிமுறை எல்லாத்துலயும் ஒரு வரி சேர்த்தாங்கல்ல, காலநிலை மாற்றம் உங்க கம்பெனிக்கு சம்பந்தப்பட்டதா இல்லையான்னு பார்த்து முடிவு பண்ணணும்னு, அந்த வேலை என் தலையில விழுந்துச்சு. ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர், அதாவது ஷூவோட மேல்பாகம், தைக்கிற யூனிட்ல அட்மின் நான். நிறைய பேர் "சம்பந்தம் உண்டு"ன்னு எழுதி ஃபைல மூடிடறாங்க, அதுலயே ஆடிட்டும் முடிஞ்சிடுது.

முதல் மீட்டிங்ல எல்லாரும் வெள்ளத்தையே பேசுனாங்க, 2021 நவம்பர்ல பாலாறு ஓடுன ஓட்டம் அப்படி. ஜெனரேட்டர், பேனல் ரெண்டையும் மேடை கட்டி ஏத்தினோம், தோல் ஸ்டோர்ல கீழ் ரேக்க காலி பண்ணோம், செலவுக்கு உடனே கையெழுத்து. மெஷின் நனைஞ்சா கண்ணுக்குத் தெரியுது, ஆள் வாடுனா தெரியல.

வெயிலுக்குத்தான் இழுத்துச்சு. ஈரப்பதமும் காட்டற டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி லைன் லைனா மாட்டி, மணிக்கொருதரம் நோட்டுல எழுதச் சொன்னோம். வெறும் டிகிரி மட்டும் பார்க்காதீங்க, ஈரப்பதம் ஏறுனா வேர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. மோசமான இடம் பேஸ்டிங் டேபிள், பசை தடவி தோலை ஒட்டற இடம். ஏன்னா அங்க ஃபேனே போட மாட்டாங்க, காத்து பட்டா அந்த பசை சொல்யூஷன் சீக்கிரம் காஞ்சி ஒட்டாம போயிடும்!

கூரை ஷீட்டுக்கு சூட்டைக் குறைக்கிற வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட், மேல சூடான காத்தை வெளியேத்தற டர்போ வென்டிலேட்டர், பேஸ்டிங்குக்கு தனி எக்ஸாஸ்ட். கத்திரில ஷிஃப்ட்ட காலை ஆறுக்கு மாத்தலாம்னு ஹெச்ஆர் சொன்னப்போ பேரணாம்பட்டு வேன்ல வர்ற ஒரு அக்கா, "ஆறுக்கு இங்க இருக்கணும்னா நாலுக்கே சோறாக்கணும் சார், அப்போ எப்ப தூங்கறது?"ன்னு கேட்டாங்க. அத்தோட அந்த பேச்சு முடிஞ்சுது. பேஸ்டிங் வேலைய மட்டும் காலைக்கு தள்ளி, மத்தியானம் கூடுதல் பிரேக், மோர் குடுத்தோம். ஆனா டார்கெட்ட குறைக்காம பிரேக் குடுத்து பிரயோஜனமே இல்ல, பீஸ் எண்ணிக்கை துரத்தும்போது தண்ணி குடிக்கக்கூட யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க. மத்தியான டார்கெட்ட குறைக்க வைக்கத்தான் பெரும்பாடு, 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநில பேரிடரா அறிவிச்ச ஆணையை பிரிண்ட் எடுத்து டேபிள்ல வச்சதுக்கு அப்புறம்தான் மேனேஜ்மென்ட் இறங்கி வந்துச்சு.

ஆடிட்டர், என்னென்ன ஆபத்து வரலாம்னு நாங்க எழுதி வச்ச ரிஸ்க் ரிஜிஸ்டர சும்மா புரட்டுனார், அந்த தெர்மாமீட்டர் நோட்டத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். சர்டிபிகேட் வந்துடுச்சு. மே மாச ஷிப்மென்ட் தேதிய ஒரு வாரம் தள்ளித்தாங்கன்னு பையர்கிட்ட கேட்டோம், அதுக்கு மட்டும் இன்னும் பதில் வரல, ஆனா சுற்றுச்சூழலுக்கு என்ன பண்றீங்கன்னு கேக்கற அவங்க சஸ்டெய்னபிலிட்டி ஃபார்ம் மட்டும் டான்னு வந்துடுச்சு.