சங்கத்தைத் தேடிய கதை
தாத்தா சென்னை புளியந்தோப்பிலிருந்து பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) துணி மில்லுக்கு நடந்தே வேலைக்குப் போனவர். அவருடைய அப்பாவும் அதே மில்தான். 1921 வேலைநிறுத்தத்தில் இருந்தாராம். அந்தக் காலத்தைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லும்படி தாத்தா என்னிடம் சொன்னார்.

ஒவ்வொரு நூலகத் தளமாகத் திறந்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்ததில் இரண்டு ராத்திரி போனது. அப்புறம்தான் பல நூலகப் பட்டியல்களை ஒரே இடத்திலிருந்து தேடித் தரும் கே.வி.கே. (கார்ல்ஸ்ரூ மெய்நிகர் பட்டியல்) என்ற இணையதளம் தெரியவந்தது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்தில் 1996இல் தொடங்கியது. அதற்கென்று சொந்தமாக ஒரு புத்தகப் பட்டியல் கிடையாது. வேண்டிய நூலகப் பட்டியல்களை டிக் செய்துவிட்டு ஒரு முறை தேடினால், அந்தக் கேள்வியை அத்தனை இடத்துக்கும் அந்த நிமிஷமே அனுப்பிவைக்கும். பதில்கள் முந்தியது முதலில், பிந்தியது பின்னால் என்று வரும். ஏதாவது ஒரு சர்வர் தூங்கிவிட்டால் அந்தப் பட்டியல் மட்டும் காலி. இது தெரியாமல் முதல் நாள், 'புத்தகமே இல்லை போல' என்று மூடிவைத்துவிட்டேன். ஒரே புத்தகம் நாலு இடத்திலிருந்து நாலு முறை வந்து நிற்பதும் உண்டு.

ஆங்கிலத்தில் தேடியபோது சுலபம். பி. பி. வாடியா 1921இல் வெளியிட்ட 'லேபர் இன் மெட்ராஸ்' உடனே வந்தது. 1918இல் மில் தொழிலாளர்களின் சங்கமான மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது தலைவராக இருந்தவர் அவர்தான். தமிழ்ப் புத்தகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். 'தொழிலாளர் சங்கம்' என்று ஆங்கில எழுத்தில் நாம் அடிப்பதுபோல் அடித்தேன். ஒன்றுமே இல்லை.

பெரம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா கல்லூரி நூலகத்தில் இருக்கிறார். போன் போட்டேன். "சங்கத்தை எஸ் போட்டா அடிச்சே? சி போடுப்பா. நடுவுல ஜி வேணாம், கே போடு" என்றார். வெளிநாட்டு நூலகங்கள் ஒலியைப் பார்ப்பதில்லை, நம் எழுத்தைப் பார்க்கின்றன. ச எங்கே வந்தாலும் சி, க எங்கே வந்தாலும் கே. 'தொ'வுக்கு டி மட்டும்தான், எச் கிடையாது. ழகரம் அடிக்கோடிட்ட எல். கோடு இல்லாமல் அடித்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடுகிறது. அப்படி மாற்றி அடித்ததும் திரை நிரம்பியது. தமிழ் எழுத்திலேயே தேடினால் சில பட்டியல்களில் வரும், சிலவற்றில் வராது. அதனால் இரண்டு விதமாகவும் தேடுவது நல்லது.

ஐ.ஐ.டி. காரக்பூர் நடத்தும் தேசிய டிஜிட்டல் நூலகத்திலும் ஒரே தேடல் பெட்டிதான், ஆனால் உள்ளே வேறு ஏற்பாடு. பல நூலகங்களின் புத்தக விவரங்களை முன்கூட்டியே வாங்கித் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கிறது. காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் பேட்டையின் பெயர்தான் கடைசி வரை படுத்தியது. ஒய் போட்டும் போடாமலும், எச் போட்டும் போடாமலும் அடித்துப் பார்த்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தாத்தா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "புளியந்தோப்புக்கு இத்தனை பேரா?" என்றார்.