கேட்டுப் படிக்க ஓர் எம்பி3 பிளேயர்: எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குத் தயாரான காலத்தில், செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் வேலைக்குச் சென்று வந்தேன். போக வர இரண்டரை மணி நேரம் ஆகும். காலை நெரிசலில் புத்தகத்தை விரிக்க இடம் இருக்காது. தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழிலிருந்து வருவதாலும், அந்தப் பகுதியில் 40 விழுக்காடு பெறாதவர்களின் மற்ற விடைகள் மதிப்பிடப்படுவதில்லை என்பதாலும், பள்ளிப் பாடநூல்களில் உள்ள செய்யுள், நூலாசிரியர் குறிப்பு, சொற்பொருள் ஆகியவற்றை இரவில் நானே வாசித்துப் பதிவு செய்து, மறுநாள் ரயிலில் கேட்டு வந்தேன். கைப்பேசியில் கேட்டபோது வாட்ஸ்அப் செய்தி ஒவ்வொன்றும் கவனத்தைக் கலைத்தது. அதனால்தான் தனியாக ஓர் எம்பி3 பிளேயர் வாங்கினேன்.

முதலில் வாங்கியது என் தேவைக்குப் பொருந்தவில்லை. பெட்டியில் அச்சிட்டிருந்த ஜிபி கணக்கையும் கடைக்காரர் சொன்ன ஒலித்தரத்தையும் மட்டுமே பார்த்து வாங்கியிருந்தேன். அந்தக் கருவியை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதல் கோப்பின் தொடக்கத்துக்கே போய்விடும். நான்கு நிமிடப் பாட்டுக்கு இது பெரிய குறையன்று. நாற்பது நிமிடப் பாடத்தைப் பாதியில் நிறுத்தி எழும்பூரில் இறங்கியவன், மாலையில் அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் ரயில் மாம்பலத்தைக் கடந்திருக்கும். ஆகவே பாடம் கேட்பதற்காக வாங்குகிறவர்கள், கடையிலேயே ஒரு நீண்ட கோப்பை ஓடவிட்டு, நடுவில் அணைத்து, மறுபடி இயக்கிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வேறு எந்த வசதியையும் விட இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அடுத்தது, ஒரு பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடும் ஏ-பி ரிப்பீட் வசதி. பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள் பதினெட்டையும் அவற்றின் ஆசிரியர்களையும் ஒரு நிமிடத்துக்குள் அடங்குமாறு பதிந்து, தாம்பரம் வரும்வரை அதையே சுழலவிட்டிருக்கிறேன். கண்ணால் படித்தபோது நிற்காத வரிசை அப்படித்தான் மனத்தில் நின்றது. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நிற்கும்போது, சட்டைப்பையின் மேலிருந்தே விரலால் தடவி அழுத்தக்கூடிய பொத்தான்கள் வேண்டும். வியர்வைக் கைக்குத் தொடுதிரை சரிவராது.

கொள்ளளவுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. பேச்சை 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) அளவில் எம்பி3 ஆக்கினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 29 எம்பிதான் ஆகும். 8 ஜிபியில் 250 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். கர்நாடகக் கச்சேரிகளை ஃபிளாக் வடிவில் தரம் குறையாமல் கேட்க விரும்புகிறவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு இடமும் வேண்டும், அந்த வடிவத்தை இயக்கும் கருவியும் வேண்டும். பழைய கருவிகள் பல 32 ஜிபிக்கு மேற்பட்ட மெமரி கார்டை ஏற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கோப்புகளைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள். பல கைப்பேசிகள் குரலை எம்4ஏ வடிவில் பதிகின்றன. விலை குறைந்த கருவிகள் சில அதை இயக்குவதில்லை என்பதால், கணினியில் எம்பி3 ஆக மாற்றிய பிறகு ஏற்றுவது நல்லது. தமிழில் பெயரிட்ட கோப்புகள் சில கருவிகளின் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரியும். 001, 002 என்று மூன்று இலக்கங்களில் பெயரிட்டு, எந்த எண் எந்தப் பாடம் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒலி கூடக்கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கிவிடும். ரயில் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டுவது எல்லோரும் செய்வதுதான். காதுத் துளையைச் சரியாக மூடும் இயர்போனை வாங்கினால் பாதி ஒலியிலேயே சொற்கள் தெளிவாகக் கேட்கும். கருவியில் மிச்சப்படுத்திய பணத்தை நான் இதற்குத்தான் செலவிட்டேன்.

தேர்வறைக்குள் கைப்பேசியைப் போலவே இந்தக் கருவிக்கும் அனுமதியில்லை. தேர்வன்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, நுழைவுச்சீட்டும் அடையாளச் சான்றும் கறுப்பு மைப் பேனாவும் எடுத்துச் செல்லுங்கள்.