எச்.சி.பி. தள்ளுபடியா? டெல்லிக்கு வழக்குக் கட்டு அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

குண்டாஸ் ஆணையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனு (எச்.சி.பி.) தள்ளுபடியானால், தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அடுத்த படி உச்ச நீதிமன்றம்தான். அரசியல் சட்டம் 136-ன் கீழ் எஸ்.எல்.பி. (சிறப்பு அனுமதி மனு) போடக் கெடு 90 நாள். உத்தரவின் சர்டிஃபைட் காப்பிக்குக் காத்திருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 90 நாள் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். குண்டாஸ் சட்டமான 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டப்படி காவலே அதிகபட்சம் 12 மாதம். எச்.சி.பி. முடிவதற்குள் அதில் பெரும்பகுதி ஓடிவிடும். ஆணை காலாவதியானால் மனுவும் செல்லாக்காசு. தள்ளுபடி என்று தெரிந்த அன்றே காப்பிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

எங்கள் குடும்ப வழக்கில் எங்களை அலையவிட்டது வக்காலத்து. எச்.சி.பி. போட்டது காவலில் இருப்பவரின் அம்மா. "யார் கையெழுத்துப் போட்டால் என்ன, குடும்பம்தானே" என்று ஒரு குமாஸ்தா சொல்ல, மனைவியின் கையெழுத்தோடு கட்டு டெல்லிக்குப் போனது, போன வேகத்தில் திரும்பியது. உயர் நீதிமன்றத்தில் மனுதாரராக இல்லாதவர் எஸ்.எல்.பி. போட வேண்டுமானால் அதற்குத் தனியாக அனுமதி மனு வேண்டும். அம்மாவே போட்டால் அந்தத் தொல்லை இல்லை. அவர் கைநாட்டு வைப்பவர் என்றால், "தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது" என்ற வரி அஃபிடவிட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். காவலில் இருப்பவரே மனுதாரர் என்றால் அவர் கையெழுத்துக்குக் கீழே சிறைக் கண்காணிப்பாளரின் சான்றொப்பமும் முத்திரையும் வேண்டும்.

அடுத்த தலைவலி மொழிபெயர்ப்பு. காவலில் இருப்பவருக்குக் கொடுத்த ஆவணத் தொகுப்பான புக்லெட் முழுவதையும் பெயர்க்கச் சொல்லிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். காவல் ஆணையும் அதற்கான காரணங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளே இருக்கும். தமிழ் வாக்குமூலங்களில் வாதத்துக்குத் தேவையானவை போதும். கூடவே, அதிகாரபூர்வ மொழிபெயர்ப்புக்கு விலக்குக் கேட்டு ஒரு மனு.

மங்கலான பக்கங்களில் இன்னும் கவனம் வேண்டும். சிறையில் கொடுத்த நகலைப் படிக்கவே முடியவில்லை என்பதே, அரசியல் சட்டம் 22(5)-ன்படி முறையீடு செய்யும் உரிமை பறிபோனது என்று வாதிட இடம் தரும். டைப்பிங் சென்டர்காரர் வேறெங்கோ கிடைத்த தெளிவான பிரதியைப் பார்த்து அதை அழகாக அடித்துச் சேர்த்துவிட்டால் போச்சு, நம் வாதம் நம் கட்டிலேயே செத்துவிடும். கொடுத்த பக்கம் கொடுத்தபடியே, பக்க எண்ணோடு போக வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யும் பதிவு பெற்ற வக்கீலுக்கு (ஏ.ஓ.ஆர்.) ஃபீஸ் கட்ட வழியில்லையா? காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் எடுக்காத புதுக் காரணம் கையில் இருந்தால், அரசியல் சட்டம் 32-ன் கீழ் உச்ச நீதிமன்றத்தில் நேரடி மனு போடலாமா என்றும் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

ஆணை ரத்தானதும் ஆள் வெளியே வந்துவிடுவார் என்று நினைத்து வண்டி பிடித்துக்கொண்டு சேலம் சிறை வாசலுக்குப் போகிறவர்கள் உண்டு. ரத்தாவது குண்டாஸ் மட்டும்தான்; அவரை முதலில் கைது செய்த மூல வழக்கு அப்படியே நிற்கும். அதில் ஜாமீன் வாங்கி, இரண்டு ஜாமீன்தாரர்களையும் அவர்களுடைய வி.ஏ.ஓ. சான்று, வீட்டு வரி ரசீதையும் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். எங்களுக்கு உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.