டம்ளரில் ஊறிய கல்

"நான் எதையும் பார்க்கவில்லை சார்."

மூன்று சீசன் அண்டார்டிகா கப்பலில் கேபின் வேலை பார்த்திருக்கிறேன். நான் பேசியதிலேயே இந்த ஒரு வரிதான் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

குவர்வில் தீவில் பயணிகள் கரையிறங்கும் லேண்டிங் முடிந்த மாலை. பாத்ரூம் டம்ளரை மாற்றப் போனால், தண்ணீரில் நெல்லிக்காய் அளவு கல் ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. எடுத்ததுமே காய்ந்த இறால் வாடை. இறால் போன்ற கிரில்லைத் தின்னும் பென்குயின்களின் எச்ச வாடை அது. ஜென்டூ பென்குயின் கல் அடுக்கித்தான் கூடு கட்டும். பனி உருகி ஓடும்போது முட்டை நனையாமல் காப்பது அந்தக் கற்கள்தான். கரைக்குப் போகும் ஸோடியாக் ரப்பர் படகில் இடம் மிஞ்சிய ஒரு நாள் என்னையும் கரைக்கு அழைத்துப் போனார்கள். பக்கத்துக் கூட்டுக் கல் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஒரு பென்குயின் நழுவ, பறிகொடுத்தது கழுத்தை நீட்டிக் கத்தியதை அன்று பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு அது வெறும் கல் இல்லை.

பின்னால் அந்தக் கேபின் பயணி நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர், தனியாக வந்தவர்.

"ஒன்றே ஒன்று. பேத்திக்கு," என்றார். பிறகு, "யாரிடமாவது சொல்வீர்களா?"

கல், எலும்பு, முட்டை எதையும் நினைவுக்காக எடுக்கக் கூடாது என்று அண்டார்டிக் ஒப்பந்த நாடுகள் 1994-லேயே பயணிகளுக்கு எழுதி வைத்துவிட்டன. கப்பலிலும் முதல் நாளே சொல்கிறோம். அவருக்கும் தெரிந்ததால்தானே கேட்டார்?

கேபினில் கண்டது கேபினோடு. எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. மருந்து, கடிதம், அழுகை எதையும் நான் வெளியே கொண்டுபோனதில்லை. அந்த நம்பிக்கையில்தான் சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் அவரவர் சொந்தம். இந்தக் கல் அவருடையதா? எக்ஸ்பெடிஷன் லீடரிடம் சொல்லியிருந்தால் என்ன செய்வதென்று அவர் முடிவெடுத்திருப்பார். பெரியவருக்கு ஒருநாள் சங்கடம், அவ்வளவுதான். ஒரு கல்லில் என்ன ஆகிவிடும் என்றும் நினைத்தேன். ஒரு நேரத்தில் நூறு பேர் வரை இறங்கும் கரையில் நூறு பேருமே அப்படித்தான் நினைப்பார்கள்.

பயணம் முடிந்து அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்தில் இறங்கும்போது என் பெயர் எழுதிய டிப்ஸ் கவர் ஒன்று தந்தார். வழக்கமாக வருவதைப் போல இரண்டு மடங்கு. இத்தனை நாள் டிரேக் கடல் அலையிலும் குளிரிலும் பார்த்த வேலைக்கா, அந்த ஒரு வரிக்கா? கேட்கவில்லை. வாங்கி, வீட்டுக்கு அனுப்பும் பணத்தோடு சேர்த்துவிட்டேன்.

கல்லைக் கண்ட மறுநாள் காலை கடைசி லேண்டிங். டம்ளர் காலியாக இருந்தது. லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட நான்தான் நின்றேன். இடது கையை மட்டும் நீட்டினார். வலது கை கோட்டுப் பைக்குள் மூடியபடி இருந்தது. "அந்தக் கையையும் கொடுங்கள் சார்" என்றேன். கொஞ்சம் பொறுத்துத்தான் வெளியே எடுத்தார்.